அரணை நக்கிய ஞாயிற்றுக்கிழமை

பெண்டாட்டியைப் பார்த்துக் "கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதற்கடுத்து என்ன செய்வதென்று அழகருக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவன் சொன்னதே அந்தப் புதன்கிழமைதான். சொல்லி முடித்ததும் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். சொன்னது வேறு யாராவதாக இருக்குமோ என்று அவனுக்கே சந்தேகம்.

இலங்கையில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. பதுளைக்கே மாட்டு வண்டியில்தான் வரவேண்டும். பதுளையைத் தாண்டிப் பசறை, பசறைக்கு மேலே ஊசிமலைத் தோட்டம், அங்கே வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில் மூன்றாம் நம்பர் லயம், அதில் கடைசிக் காம்பரா. அதுதான் அழகரின் வீடு. அவன் கவ்வாத்துக்காரன், தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் வெட்டி மட்டப்படுத்துவது அவன் தொழில். மலையில் ஏறினால் அவன் கத்திக்கு முன்னால் நூற்றுக்கணக்கான செடிகள் தலை குனியும். காம்பராவுக்குள் வந்தால் அவன் தலை குனியும். நிலைவாசல் தணிவு என்று அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தான்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் பசறைக்குப் போய்த் திரும்பிய வண்டிக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். மொனராகலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மச்சினி கருப்பம்மா மாசமாக இருக்கிறாள். ஆடிக் கடைசியில் ஆகுமாம். தலைப்பிரசவம். அக்கா பெரியாயி வந்து கூட இருந்தால்தான் தைரியம் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"போயிட்டு வரட்டுங்களா?" என்று பெரியாயி புருஷனைக் கேட்டாள்.

"கூடாது."

"என்ன சொன்னீங்க?"

"கூடாதுன்னு சொன்னேன்."

"சரிங்க" என்றாள் பெரியாயி.

இந்தச் "சரிங்க" அழகருக்குப் பிடிபடவே இல்லை. அரிசியில் கல் கிடக்கிறது என்று சொன்னால்கூட அரை மணி நேரம் பதில் சொல்கிறவள் அவள். ஒரே வார்த்தையில் சம்மதித்தால் அதற்கு வேறு அர்த்தம் இருக்கத்தான் செய்யும். வியாழக்கிழமை அவள் மாவு இடித்தாள். வெள்ளிக்கிழமை பழைய சேலையைக் கிழித்து மூட்டைத்துணி தைத்தாள். சனிக்கிழமை சுக்கையும் கருப்பட்டியையும் தட்டிப் பிள்ளை பெற்றவளுக்கான மருந்து உருட்டினாள். எதையும் அவனுக்கு மறைக்கவில்லை. யாருக்கு என்று அவனும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

அவள் போகத் துடித்தது விருந்து சாப்பிட இல்லை. பெரியாயிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, எல்லோரும் மலைக்குப் போயிருந்த ஒரு பகல் பொழுதில், லயத்துக் காம்பராவில் தனியாகக் கிடந்து கருப்பம்மாவைப் பெற்றுப் போட்டுவிட்டு அவள் அம்மா கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் பெரியாயி. தங்கைக்கு நோவு எடுக்கும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் போகக்கூடாது என்பது அவள் நெஞ்சில் இருபத்தோரு வருஷமாகக் கிடந்த விஷயம். அழகருக்கும் இது தெரியும். தெரிந்துதான் கூடாது என்றான்.

அவனைக் கல்நெஞ்சன் என்று எண்ணிவிடக் கூடாது. மொனராகலை காய்ச்சல் ஊர். போன வருஷம் இந்த லயத்திலிருந்து இரண்டு பேர் அங்கே போய், ஒருவர்தான் திரும்பி வந்தார். பெரியாயியும் அப்படி வராமல் போய்விட்டால்? அதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இதை அவளிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் மீசை வைத்த ஆண்பிள்ளை பெண்டாட்டியிடம் போய், நீ இல்லாமல் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வான்? அதைவிட அரணையிடம் நக்கு வாங்குவது கௌரவம் என்று அவனுக்குப் பட்டது.

அரணை என்றதும் பெரிதாக ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். காம்பராவுக்குப் பின்னால் விறகு அடுக்கின் அடியில் குடியிருந்த அது ஒரு விரல் நீளம்தான் இருக்கும். இந்தத் தீவின் மலைச்சருகுகளுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துபோகிற சின்ன ஜாதி. எண்ணெய் தடவியதுபோல மினுங்குகிற தவிட்டு நிறம், விலாவில் ஒரு கறுப்புக் கோடு, தொண்டையில் கொஞ்சம் சிவப்பு. வெயில் வந்தால் கட்டைமேல் ஏறிக் காயும். ஆள் நிழல் பட்டால் சருகுக்குள் ஓடும். இவ்வளவுதான் அதன் வாழ்க்கை. ஆனால் அரணை நக்கினால் மரணம் என்று ஒரு பழமொழியைத் தமிழன் அதன் தலையில் கட்டிவிட்டான். நல்லவேளையாக அதற்கு மறதியும் அதிகமாம். கடிக்க வருமாம், வந்த காரியம் வழியிலேயே மறந்துபோய்த் திரும்பிவிடுமாம். அந்த மறதியால்தான் நம் வம்சம் இன்னும் தழைத்திருக்கிறது என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

அழகரின் திட்டம் சாவது அல்ல. முன்பு லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவனை அரணை நக்கியது. ஊசிமலைப் பூசாரி முருகையாதான் போய் மந்திரித்தார். விளக்கு வைக்கும் நேரத்தைத் தாண்டி உயிர் நின்றால் பிழைப்பு. பிழைத்தபின் நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாப் பத்தியம். பெண்டாட்டி கையால் காய்ச்சிய கஞ்சி. அவள் வாசற்படி தாண்டக்கூடாது. இதுதான் பூசாரி சொன்ன முறை. லுணுகலைக்காரன் நாற்பத்தெட்டு நாளும் பாயில் கிடந்து சதை போட்டதாகக் கேள்வி. நாற்பத்தெட்டு நாள் கழிந்தால் ஆடியும் கழிந்துவிடும். கருப்பம்மாவுக்கு அந்தத் தோட்டத்திலேயே யாராவது இருக்க மாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு இல்லாத நாள். லயம் முழுக்க ஆள் இருந்தது. அழகர் விறகு அடுக்கின் பக்கத்தில் போய்ச் சாய்ந்து படுத்தான். கட்டைமேல் அரணை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இடது கால் பெருவிரலை அதற்கு எதிரே நீட்டிக்கொண்டு, "பெரியாயி, இங்க வா. அரணை நக்கிருச்சு" என்று குரல் கொடுத்தான்.

பெரியாயி கையில் அகப்பையோடு வந்தாள். அவனைப் பார்த்தாள். அரணையைப் பார்த்தாள். அரணையும் அவளைப் பார்த்தது.

"நக்குச்சா, கடிச்சுச்சா?"

"நக்குச்சு."

"எங்க?"

"பெருவெரல்ல."

"எந்தப் பக்கமா வந்து நக்குச்சு?"

"சாகப்போறவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது?"

"இல்லைங்க, கடிக்க வந்தாலே மறந்து போற சாதி. நக்குறத மட்டும் எப்படி ஞாபகம் வச்சிருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? என் நேரம், ஞாபகம் வந்திருச்சு."

பெரியாயி குனிந்து அவன் பெருவிரலைப் பார்த்தாள். பிறகு அகப்பையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பில் ஒரு கரையைக் கிழித்து அவன் கணுக்காலுக்கு மேலே கட்டினாள். கட்டின கட்டில் விஷம் மட்டுமில்லை, ரத்தமும் ஏறாது. அதற்கப்புறம் லயத்துப் பக்கம் திரும்பி, "மாடசாமி அண்ணே, எங்க வீட்டுக்காரர அரணை நக்கிருச்சு. பூசாரியய்யாவக் கூட்டிட்டு வாங்க" என்றாள். அவள் குரல் நடுங்கியதைக் கேட்டு அழகருக்கு ஒரு பக்கம் திருப்தி. மறுபக்கம் மனசு உறுத்தியது.

பக்கத்துக் காம்பரா மாடசாமி வழியில் ஒருவனைப் பிடித்துப் பூசாரிக்குச் சேதி சொல்லியனுப்பிவிட்டுத் தான் உடனே திரும்பி வந்துவிட்டான். நண்பனின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனால் பிற்பாடு மனசு கேட்காது என்று நினைப்பவன் அவன். அழகரை உள்ளே தூக்கிப் பாயில் கிடத்தியதும் அவன்தான்.

"மச்சான், மனசத் தளர விடாதீங்க" என்றான்.

"ம்."

"ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. உங்க கவ்வாத்துக் கத்தி யாருக்கு?"

"மாடசாமி, நான் இன்னும் சாகலப்பா."

"அதனாலதான் கேக்கிறேன். அப்புறமா கேட்டா சொல்லமாட்டீங்க."

அதற்குள் லயத்துப் பெண்கள் வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒப்பாரிக்குப் பேர்போன பாக்கியலெட்சுமி, முன்கூட்டியே நாலு அடி கட்டிவைத்தால் நேரத்துக்குத் தடுமாற வேண்டாம் என்று நினைத்தாள். அவள் பெரியாயியிடம் தாழ்ந்த குரலில் கேட்டது பாயில் கிடந்தவனுக்கு நன்றாகக் கேட்டது.

"பாடுறதுக்கு நாலு நல்ல கொணம் வேணும் ஆயி. சொல்லு."

பெரியாயி யோசித்தாள். "கத்திய நல்லாத் தீட்டுவாரு."

"அது ஒண்ணு. அப்புறம்?"

அழகர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். ஒரு கோழி உள்ளே வந்து பார்த்துவிட்டு வெளியே போனது.

"காலையில பல்லு வெளக்குவாரு" என்றாள் பெரியாயி. "மிச்சத்த நீங்களே பாத்துப் போட்டுக்குங்க அக்கா."

பன்னிரண்டு வருஷத்துக்கு இரண்டு குணம். அழகர் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கிடந்தான்.

பூசாரி முருகையா நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். கூடவே பெரிய கங்காணியும் வந்தார். ஆள் செத்தால் அடுத்த நாள் கவ்வாத்துக்கு வேறு ஆள் போடவேண்டும் அல்லவா? பூசாரி அழகரின் கண்ணிமையைப் புரட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு மடியிலிருந்து ஒரு காய்ந்த கொத்தை எடுத்தார். வேம்பு இந்த மலைக் குளிருக்கு வராது. கீழ்நாட்டிலிருந்து வரும் வண்டிக்காரர்களிடம் சொல்லி வரவழைத்து, உலர்த்திப் பத்திரமாக வைத்திருப்பார். விஷம் ஏறியவனுக்கு வேப்பிலை கசக்காது, கொச்சிக்காய் உறைக்காது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பரீட்சை. அழகருக்குத்தான் அந்த நேரம்வரை ஞாபகம் வரவில்லை.

"மெல்லு."

அழகர் மென்றான். உலர்ந்த வேப்பிலைக்குப் பச்சையைவிடக் கசப்பு ஜாஸ்தி. அது நாக்கின் அடிவரை இறங்கிக் காதுவரை ஏறியது.

"கசக்குதா?"

"இல்லைங்க. இனிக்குது."

"இனிப்புன்னா எப்படி? சீனி மாதிரியா, கருப்பட்டி மாதிரியா?"

அழகர் கூட்டத்தைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை. "கருப்பட்டிங்க."

பூசாரி தலையை மெதுவாக ஆட்டினார். "கருப்பட்டின்னா முழங்காலத் தாண்டிருச்சு."

அடுத்தது கொச்சிக்காய். ஒன்றை நடுவில் கிள்ளி வாயில் வைத்தார். அழகர் மென்று விழுங்கி, "ஒண்ணும் தெரியலைங்க" என்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரிவுத் துக்கத்தில் அழுகிறான் என்று பாக்கியலெட்சுமி மூக்கைச் சிந்தினாள்.

அப்போதுதான் பெரியாயி எழுந்து வந்தாள். "அய்யா, அது வாடின காயி. சரியாத் தெரிஞ்சிருக்காது. நம்ம வாசல்ல காட்டுக் கொச்சிக்கா இருக்கு, ஊசியாட்டம். அதுல ரெண்டு வச்சுப் பாத்துருவமா?"

"நல்ல யோசனை தாயி. கொண்டா."

கொண்டுவந்தாள். இரண்டு என்று சொன்னவள் மூன்று கொண்டுவந்தாள். தன் கையாலேயே ஒவ்வொன்றாக ஊட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அவனுக்கு அப்படி ஊட்டியதில்லை. மூன்றாவது காயை மென்றபோது அழகருக்கு வாய் என்று ஒன்று இருந்த இடத்தில் நெருப்புத்தான் இருந்தது. நாக்கு வீங்கிப் பேச்சு அடைத்துவிட்டது. தண்ணீர்ச் செம்பைக் கையால் காட்டினான்.

"தண்ணி குடுத்துறாதீங்க. விசம் கரைஞ்சு நெஞ்சுக்கு ஓடிரும்" என்றார் பூசாரி. மாடசாமி செம்பை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டான்.

பிறகு முறையைச் சொன்னார் பூசாரி. விளக்கு வைக்கும் நேரம் தாண்டினால் உயிர் நிற்கும். நாற்பத்தெட்டு நாள் பத்தியம், பெண்டாட்டி பக்கத்திலேயே இருக்கவேண்டும். அழகருக்கு நெருப்புக்கு நடுவில் ஒரு குளிர்ச்சி. இதற்குத்தானே இவ்வளவும்?

"அதெல்லாம் பொழைச்சா. மொதல்ல உசுரு நிக்கணும். சாமிகிட்ட ஒரு வேண்டுதல் வச்சுக்க தாயி."

பெரியாயி மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தாள். சூடம் கொளுத்தினாள். கண்ணீர் கன்னத்தில் வழிய, கை கூப்பி நின்று, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"கதிர்காமத்து முருகா, இந்த மனுசன் வெளக்கு வைக்கிற நேரம் தாண்டி உசுரோட இருக்கணும். இருந்தா, வர்ற வெள்ளிக்கெழம பசறையில இருந்து கெளம்புற கூட்டத்தோட நடந்தே ஒன் சன்னதிக்கு வர்றேன். ஒரு உசுர எனக்கு நீ காப்பாத்திக் குடு. ஒரு உசுர நான் ஒனக்குக் காத்துத் தர்றேன். ஒன் திருநீற எடுத்துக்கிட்டு நேரா மொனராகலைக்குப் போயி என் தங்கச்சி நெத்தியில பூசி, அவ பெத்துப் பொழைக்கிற வரைக்கும் காவலிருக்கேன். புள்ளைக்கு முப்பது நாள் கழிஞ்ச பெறகுதான் என் வாசப்படி மிதிப்பேன்."

அழகர் எழுந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். சூடான காற்றுத்தான் வந்தது.

"மொதல்ல சாமி, அப்புறமா பிரசவ வீடு. தீட்டு கழிஞ்சு சொந்த வாசல்" என்றார் பூசாரி மெச்சிக்கொண்டு. "ஒரு முறை தப்பல. நல்ல வேண்டுதல்."

அழுதுகொண்டே சொன்ன வேண்டுதலில் இத்தனை ஒழுங்கு எப்படி வந்தது என்று அழகருக்கு மட்டும்தான் தோன்றியது. கையை ஆட்டிக் கஞ்சி குடிப்பதுபோலக் காட்டி, பெரியாயியைச் சுட்டி, தரையைச் சுட்டினான். அவன் கேட்க நினைத்ததைக் கங்காணியே கேட்டுவிட்டார்: "அப்ப பத்தியத்துக்குப் பொண்டாட்டி பக்கத்துல இருக்கணும்னு சொன்னீங்களே?"

"சாமிக்கு நேந்ததுக்கு முன்னால அது நிக்காது. கஞ்சி யாரு காய்ச்சினா என்ன? உப்பு மட்டும் சேரக்கூடாது."

"உப்ப நான் பாத்துக்கறேன்" என்றான் மாடசாமி. அவன் கண் கலங்கியிருந்தது. "என் மச்சான் வாய்க்குள்ள ஒரு கல்லு உப்பு போக விடமாட்டேன்."

ஒரு மணி நேரம் போனதும் நாக்கு கொஞ்சம் திரும்பிவிட்டது. கூட்டம் வெளித்தாழ்வாரத்தில் இருந்தது. பெரியாயி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"எங்கம்மாவுக்குப் பக்கத்துல ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாங்க" என்றாள், யாரிடமும் சொல்லாததுபோல. "தண்ணி கேட்டுச்சாம். கேட்டதுகூட அடுத்த காம்பராக் கெழவிக்குத்தான் கேட்டுச்சாம். அவளால எந்திரிக்க முடியல."

இத்தனை வருஷத்தில் அந்தத் தண்ணீர் விஷயத்தை அவள் அவனிடம் சொன்னதில்லை. அழகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. இவள் நிஜமாகவே போகப்போகிறாள். உண்மையைச் சொல்லிவிட்டால் வேண்டுதலே செல்லாது அல்லவா?

"பெரியாயி, கிட்ட வா."

"சொல்லுங்க."

"அரணை நக்கல."

அவள் விசிறுவதை நிறுத்தினாள். அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வாசற்பக்கம் திரும்பி, "பூசாரியய்யா, அரணை நக்கலைன்னு சொல்றாரு" என்றாள்.

பூசாரி எழுந்து ஓடிவந்தார். "எப்ப ஆரம்பிச்சாரு?"

"இப்பத்தாங்க."

"நெசமாவே நக்கலைங்க" என்றான் அழகர். "சும்மா சொன்னேன். வேப்பிலை கசந்துச்சு. கொச்சிக்கா உசுரு போற மாதிரி உறைச்சுச்சு. சாமி சத்தியமா."

பூசாரி கங்காணியைப் பார்த்தார். "தலைக்கு ஏறிருச்சு. லுணுகலைக்காரனும் கடைசியில இதையேதான் சொன்னான். பேசப் பேச ஏறும். வாயக் கட்டுங்க."

மாடசாமி தன் தலைத்துண்டை அவிழ்த்து நண்பனின் வாயைப் பிரியமாகக் கட்டினான்.

அப்புறம் சாயங்காலம்வரை அழகருக்குச் சிந்திக்க நிறைய நேரம் கிடைத்தது. விளக்கு வைப்பதற்குள் செத்தால் வேண்டுதல் இல்லை. அவள் போகவேண்டிய கட்டாயம் இல்லை. பிழைத்தால் அவள் போவதைத் தோட்டத்துத் துரையாலும் தடுக்க முடியாது. வாழ்க்கையில் முதல்தடவையாகப் பெண்டாட்டியை ஜெயிக்க அவனுக்கு ஒரு வழி தெரிந்தது. அதற்குச் சாகவேண்டியிருந்தது. பெரியாயி விளக்கை ஏற்றினாள். அழகர் உயிரோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். லயமே அரோகரா சொன்னது. பாக்கியலெட்சுமியும் சொன்னாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மறுநாள் சேதி துரை காதுக்குப் போனது. துரை ஏதோ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாராம். இது கறையானும் எறும்பும் தின்கிற சாதுப் பிராணி, இதற்கு விஷம் என்பதே கிடையாது, ஆள் உடனே பெரட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லியனுப்பிவிட்டார். கங்காணி மறுத்துப் பேசவில்லை. ஆனால் பெரியாயியின் லீவு விஷயத்தில் மட்டும், வேண்டுதலைத் தடுத்தால் லயத்தில் ஒரு பெண்ணும் கொழுந்துக் கூடை எடுக்கமாட்டாள் என்று துரைக்கு எடுத்துச் சொன்னார். துரை லீவும் கொடுத்துவிட்டார். இங்கிலீஷ் சாஸ்திரப்படி அழகருக்கு விஷம் இல்லை. அதனால் வேலை உண்டு. தமிழ் சாஸ்திரப்படி விஷம் உண்டு. அதனால் உப்பு இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் உப்பில்லாக் கஞ்சியைக் குடித்துவிட்டு மலை ஏறினான். போகிற வழியெல்லாம் மாடசாமி பின்னாலேயே வந்தான், யாராவது கருவாடு கொடுத்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெரியாயி குளித்து மஞ்சள் சேலை கட்டினாள். மாவும் மருந்தும் பிள்ளைத்துணியும் மூட்டையில் இருந்தன. லயத்துச் சனங்கள் வழியனுப்ப ரோட்டு முனையில் காத்திருந்தார்கள். வாசலில் அவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள். அழகர் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் மூட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியாயி."

"ம்."

"அது காய்ச்சல் ஊரு. போன வருசம் போனவங்கள்ல ஒரு ஆளுதான் திரும்பி வந்துச்சு." அவன் மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கினான். "நீயும் வராமப் போயிருவியோன்னு பயம். நீ இல்லாம நான் என்ன செய்வேன்? அதுக்குத்தான் கூடாதுன்னேன். அதுக்குத்தான் அந்த அரணை..."

பெரியாயி மூட்டையைக் கீழே வைத்தாள். அவன் தோளில் கோணலாகக் கிடந்த துண்டை எடுத்து நேராகப் போட்டாள்.

"பூசாரியய்யாகிட்ட வாங்கின வேப்பிலையும் மொளகும் கட்டிக்கிட்டுத்தான் போறேன். கொதிச்ச தண்ணிதான் குடிப்பேன். வந்துருவேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "இத அரணைகிட்டப் போகாம நேரா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

பெரியாயி குனிந்து மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"போயிருப்பேன். ஆனா உங்க கஞ்சியில உப்பு இருந்திருக்கும்."